பிரான்ஸ் குடும்ப இணைவு வீசா: பத்திரங்களில் அப்பாவின் பெயர் மூன்று விதமாக இருக்கிறது

களுவாஞ்சி மருமகள்

வணக்கம். என் கணவர் பிரான்சில் அகதி அந்தஸ்துடன் பத்து வருட வதிவிட அட்டையில் இருக்கிறார். அவர் இலங்கைக்கு வர முடியாது. அதனால் திருமணத்தைத் திருச்சியில் வைத்து, பதிவையும் அங்கேயே முடித்தோம். இப்போது என்னை அழைப்பதற்கான வேலைகள் தொடங்கியிருக்கின்றன.

சிக்கல் அப்பாவின் பெயரில். என் பிறப்புச் சான்றிதழில் அது 'ராசா' என்று முடிகிறது. கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்தில் 'ராஜா' என்று வாசிக்கும்படி இருக்கிறது. அடையாள அட்டையில் இரண்டும் இல்லாத ஒரு வடிவம். திருமணச் சான்றிதழ் கடவுச்சீட்டைப் பார்த்து எழுதப்பட்டது.

கல்முனைப் பக்கம் உள்ள ஒரு முகவர், ஏழு இலட்சம் தந்தால் பெயர்ச் சிக்கல் உட்பட எல்லாவற்றையும் தானே பார்த்து வீசாவைக் கையில் தருவதாகச் சொல்கிறார். அம்மா எனக்கு எழுதித் தந்த வீட்டை ஈடு வைக்கலாம் என்று மாமா சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வயல்வெளி (அக்கரைப்பற்று)

தங்கச்சி, முகவர் என்றாலே கள்ளன் என்று இங்கே பலர் எழுதப்போகிறார்கள். அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் முகவர் மூலம்தான் போனார்கள். எங்களுக்கு பிரெஞ்சும் தெரியாது, கணினியும் தெரியாது. அம்பாறை மாவட்டத்தில் ரயிலே கிடையாது. ஒவ்வொரு கடதாசிக்கும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்வர யாரால் முடியும்? தெரிந்தவரிடம் காசு கொடுத்துச் செய்விப்பதில் என்ன பிழை?

லாச்சப்பல்வாசி (பரிஸ்)

முகவர் கதையைப் பிறகு பேசலாம். முதலில் நீங்கள் எந்த வாசலில் நிற்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். இங்கே நம்மவர்கள் மூன்று வழிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கணவர் பிரெஞ்சுப் பிரஜையாக இருந்தால், வெளிநாட்டில் நடந்த திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, பிரஜையின் மனைவி என்ற வகையில் நீண்டகால வீசா கேட்பது. அதற்கு வீசாக் கட்டணமும் இல்லை. இது உங்களுக்குப் பொருந்தாது.

கணவர் அகதியாக இருந்து, அவர் தஞ்சம் கோரி விண்ணப்பித்த நாளுக்கு முன்பே திருமணம் நடந்திருந்தால், அகதிக் குடும்பத்தின் மீளிணைவு. வீட்டின் அளவையும் சம்பளத்தையும் அதில் கேட்பதில்லை.

அவர் தஞ்சம் கோரிய பிறகு திருமணம் நடந்திருந்தால், சாதாரண வதிவிட அட்டைக்காரர் போகும் வழியேதான்: 'ரெகுறூப்மோன் ஃபமிலியால்', அதாவது குடும்ப இணைவு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது இதுதான். அகதி என்றவுடன் இரண்டாம் வழி என்று நினைத்து நேரே கொழும்பில் கோப்பைப் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து மறுப்பு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாம் வழியில் முதல் அடியை வைக்க வேண்டியவர் கணவர். குடிவரவு அலுவலகமான ஒஃபியில் அவர் கோப்பைக் கொடுக்க வேண்டும். குறைந்தது 18 மாதம் சட்டப்படி இங்கே வசித்திருக்க வேண்டும். கடந்த 12 மாதச் சம்பளத்தின் சராசரி, இரண்டு அல்லது மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு அரசாங்கத்தின் குறைந்தபட்சச் சம்பள அளவையாவது எட்ட வேண்டும். வீட்டின் பரப்பு, பரிஸ் போன்ற நெருக்கடி வலயங்களில் இரண்டு பேருக்கு 22 சதுர மீற்றர். அடுத்த வலயத்தில் 24. மற்ற இடங்களில் 28. பிள்ளை இருந்தால் ஆளுக்கு 10 கூட்டிக்கொள்ளுங்கள். நகரசபையிலிருந்து வந்து வீட்டைப் பார்ப்பார்கள்.

நம்மவர்கள் அடிபடுவது இந்த இடத்தில்தான். நான்கு பேர் ஓர் அறையில் இருந்துகொண்டு, உணவகத்தில் பாதிச் சம்பளத்தைக் கையில் வாங்குகிறவர் எத்தனை மணி நேரம் உழைத்தாலும், சம்பளத் துண்டில் இல்லாத காசு கோப்பில் இல்லாத காசுதான். கணவரிடம் முதலில் கேளுங்கள்: வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கிறதா, சம்பளத் துண்டில் எவ்வளவு தெரிகிறது?

கோப்பு முழுமையாக ஏற்கப்பட்ட பிறகு, மாவட்ட அரச நிர்வாக அலுவலகமான பிரெபெக்துருக்கு முடிவெடுக்க ஆறு மாதம் உண்டு. ஒஃபி தரும் பற்றுச்சீட்டுக் கிடைத்தவுடன் நீங்கள் கொழும்பில் வீசா விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பதிவேடு (மட்டக்களப்பு)

நான் பிரதேச செயலகத்தில் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளோடு நீண்ட காலம் வேலை செய்து ஓய்வுபெற்றவன். மகள், உங்கள் பெயர்ச் சிக்கலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு வகைக் கோளாறுகளை எல்லோரும் ஒன்றாகப் பார்க்கிறார்கள். தமிழ் எழுத்திலேயே பெயர் மாறியிருப்பது ஒன்று. தமிழில் சரியாக இருந்து, ஆங்கில எழுத்துக்கு மாறும்போது வெவ்வேறு விதமாக எழுதப்படுவது மற்றொன்று. இரண்டாவதைக் கோளாறு என்றே நான் சொல்லமாட்டேன். 'சா' என்ற எழுத்தை ஊரில் பாதிப் பேர் 'ஜா' என்று உச்சரிக்கிறார்கள். கடவுச்சீட்டு எடுக்கும் நாளில் படிவம் நிரப்பியவர் தம் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். பிறப்புப் பதிவில் ஆங்கிலமே இல்லாதபோது அங்கே திருத்துவதற்கு என்ன இருக்கிறது?

ஆகவே முதலில் அப்பாவின் பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் விவாகச் சான்றிதழையும் எடுத்து, உங்களுடையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் தமிழில் ஒரே எழுத்தா? ஆம் என்றால் பதிவாளரிடம் போகவே வேண்டாம். இல்லை என்றால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரமாகப் பழைய பத்திரங்களைத்தான் கேட்பார்கள்: பள்ளிக்கூட அனுமதிப் பதிவு, பெற்றோரின் பத்திரங்கள் போன்றவை. பத்திரம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பலம். போன வாரம் சமாதான நீதவானிடம் வாங்கிய சத்தியக்கடதாசி கடைசி வரிசையில்தான் நிற்கும்.

இன்னொன்று. அவசரப்பட்டுக் கடவுச்சீட்டை மாற்றாதீர்கள். திருமணச் சான்றிதழ் அதைப் பார்த்து எழுதப்பட்டிருக்கிறது. கணவர் அங்கே கொடுக்கும் கோப்பும் அதைப் பார்த்துத்தான் எழுதப்படும். கடவுச்சீட்டில் ஓர் எழுத்தைத் தொட்டால் மற்ற இரண்டும் ஆட்டம் காணும்.

களுவாஞ்சி மருமகள்

ஐயா, மிக்க நன்றி. இப்போதே அலுமாரியைத் திறந்து பார்த்தேன். பெற்றோரின் விவாகச் சான்றிதழிலும் என்னுடையதிலும் 'ராசா'தான். அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லை. 1990ஆம் ஆண்டு போரில் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு எரிந்துவிட்டதாக அம்மா சொல்கிறார். என் பிறப்பையும் அந்தக் குழப்பங்களால் பிந்தித்தான் பதிந்திருக்கிறார்கள். பதிவுத் திகதிக்கும் பிறந்த திகதிக்கும் இடையே இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது. இதுவும் பிரச்சினையாகுமா?

நெய்தல் (சாய்ந்தமருது)

சகோதரி, எரிந்தது உங்கள் வீட்டுப் பிரதி மட்டும்தான். பதிவேடு வேறு இடத்தில் இருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் நின்ற குடும்பங்கள் எத்தனை! எங்கள் வீட்டில் உம்மாவின் நிக்காஹ் பதிவிலிருந்து தம்பியின் தடுப்பூசி அட்டைவரை எல்லாம் கடலோடு போயின. பிறகு ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்தோம். இப்போது பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டிருப்பதால், பிறந்த ஊருக்கே போகாமல் வேறு பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்க முடிகிறது. பதிவு இலக்கம் தெரியாவிட்டால் தேடச் சொல்லித் தனிப் படிவம் இருக்கிறது. பழைய பதிவு என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பதிவேடு (மட்டக்களப்பு)

நெய்தல் சொன்னது சரி. காலங்கடந்த பதிவைப் பற்றி: அது சட்டப்படி செல்லுபடியாகும் பதிவு. ஆனால் வெளிநாட்டுத் தூதரகங்கள் அப்படிப்பட்ட சான்றிதழைக் கண்டால் இன்னும் ஒருமுறை உற்றுப் பார்க்கும். பதிவேட்டின் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும்படி கேட்பதும் உண்டு. கேட்ட பிறகு ஓடுவதைவிட, முதலாம் வகுப்பில் சேர்த்த பள்ளிக்கூடப் பதிவின் பிரதியை அதிபரிடம் வாங்கி இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் அட்டை இருந்தால் அதுவும். ஏன் பிந்திப் பதிந்தார்கள் என்பதை அரைப் பக்கத்தில் நேராக எழுதுங்கள். கிழக்கில் 1990 என்ற ஆண்டுக்கு அதிக விளக்கம் தேவைப்படாது.

கல்லடி மொழிபெயர்ப்பாளர்

நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். இந்தச் சிக்கல் என் மேசைக்கு வாராவாரம் வருகிறது.

தமிழ்ச் சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கூடவே கொடுங்கள். பெயர்களை அதில் உள்ள எழுத்துக்களின்படி எழுதச் சொல்லுங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர் தாமாகவே கேட்பார். கேட்காமல் மனத்தில் தோன்றியபடி எழுதி முத்திரை குத்துகிறவரிடம் போனால், நான்காவது வடிவம் ஒன்று பிறக்கும். குடும்பத்தில் எல்லாப் பத்திரங்களையும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் செய்விப்பது நல்லது. ஊரின் பெயரிலும் கவனம்: ஒரு பத்திரத்தில் பட்டிருப்பு, இன்னொன்றில் மண்முனை தென் எருவில் பற்று என்று வந்தால் நமக்கு இரண்டும் ஒரே பக்கம் என்று தெரியும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது.

இந்தியத் திருமணச் சான்றிதழ் வேறு பாதை. ஒரு நாட்டின் பத்திரத்தை மற்ற நாடு ஏற்பதற்கான சான்று முத்திரைதான் அப்போஸ்டில்; இந்தியா 2005 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. அங்கே பதிந்த சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரையை அங்கேதான் பெற வேண்டும். நீங்கள் இங்கே வந்துவிட்டதால் யாரையாவது பிடிக்க வேண்டியிருக்கும். இலங்கைப் பத்திரங்களுக்குச் சான்று கேட்டால், பத்தரமுல்லை சுஹுருபாய கட்டடத்தில் உள்ள வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு. மூலம் எது, பிரதி எது என்று பிரித்துக் கோவையில் போட்டுக்கொண்டு போங்கள்.

நூராணியா (காத்தான்குடி)

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். தம்பிக்கு லண்டனில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மாணவர் வீசாவுக்கு வங்கியில் பணம் காட்ட வேண்டும். ஒருவர் வட்டிக்குப் பணத்தைக் கணக்கில் போட்டு, பிறகு எடுத்துக்கொள்கிறாராம். ஊரில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார்.

தேம்ஸ் கரை

நானா, பிரிட்டனில் அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். தம்பியின் கணக்கிலோ பெற்றோரின் கணக்கிலோ இருக்கலாம். பெற்றோர் என்றால் உறவைக் காட்ட அவருடைய பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் சம்மதக் கடிதமும் வேண்டும். ஆக, உங்களுக்கும் மேலே பேசிய பெயர்ப் பிரச்சினை உண்டு. போலிப் பத்திரம் கொடுத்துப் பிடிபட்டால் பத்து வருடம் வீசா மறுக்கலாம். வட்டிக்காரர் தரும் வங்கிக் கடிதம் உண்மையானதா என்று தம்பியால் எப்படிச் சொல்ல முடியும்? பரீட்சை எழுதிப் பெற்ற இடத்தை அதற்காகப் பணயம் வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட வீசா என்பதால் காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. கொழும்பில் சர்வதேச புலம்பெயர்வு அமைப்பின் நிலையத்தில் செய்வார்கள்; சான்றிதழ் ஆறு மாதம் செல்லும்.

மனைவியைக் கூட அழைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஜனவரி முதல் ஆய்வுப் பட்டப்படிப்பு போன்ற சிலவற்றைத் தவிர மற்ற மாணவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. விரிவாகக் கேட்பதானால் தனி இழை தொடங்குங்கள்; இது தங்கையின் இழை.

வயல்வெளி (அக்கரைப்பற்று)

இத்தனை பேர் இத்தனை விபரம் எழுதிய பிறகும் நான் கேட்கிறேன்: இதை எல்லாம் ஒரு சாதாரணக் குடும்பம் தனியாகச் செய்யுமா?

லாச்சப்பல்வாசி (பரிஸ்)

அண்ணன், உதவிக்குக் காசு கொடுப்பதை யாரும் பிழை என்று சொல்லவில்லை. படிவம் நிரப்ப, மொழிபெயர்க்க, நேரம் பதிய ஒருவருக்குக் கூலி கொடுங்கள். அது நியாயமான தொழில். என் கேள்வி ஒன்றுதான். கோப்பின் பெரிய பாதியைக் கணவர் இங்கே கொடுக்கிறார். முடிவைப் பிரெபெக்துரும் தூதரகமும் எடுக்கின்றன. கொழும்பில் விண்ணப்பத்தை வாங்கும் நிலையத்துக்கே முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. அப்படியிருக்க, கல்முனையில் இருக்கும் ஒருவர் "வீசாவைக் கையில் தருகிறேன்" என்று எதை வைத்துச் சொல்கிறார்? ஏழு இலட்சமும் அந்த ஒரு வசனத்துக்கான விலை.

"பெயர்ச் சிக்கலையும் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறாரே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முறையான திருத்தம் என்றால் பிரதேச செயலகத்தில் நீங்களே கையொப்பமிட வேண்டும். நீங்கள் இல்லாமலே பத்திரம் திருந்தி வந்தால், அது எங்கே திருந்தியது?

வயல்வெளி (அக்கரைப்பற்று)

அந்தக் கடைசிக் கேள்வி நியாயமானது. எங்கள் ஆட்களுக்குப் பெயர்ச் சிக்கல் இருக்கவில்லை. கூலிக்கு உதவி, உறுதிமொழிக்குக் காசில்லை என்றால் எனக்கும் உடன்பாடுதான்.

தூலூஸ் அக்கா

நான் களுதாவளையில் இருந்து இதே வழியில் வந்தவள். திருமணத்தை நிரூபிப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். உங்கள் திருமணம் உண்மையானதா என்பதை அவர்கள் பத்திரத்தில் மட்டும் பார்ப்பதில்லை. கணவர் மாதம் அனுப்பும் பணத்தின் ரசீதுகள், நீங்கள் இருவரும் இந்தியாவில் தங்கிய காலத்துப் பயணச்சீட்டுகள், கடவுச்சீட்டு முத்திரைகள், குடும்பத்தோடு எடுத்த படங்கள், இவற்றைக் காலவரிசையில் வையுங்கள். கூறையும் மாலையுமாக மேடையில் எடுத்த இருநூறு படங்கள் வேண்டாம். மாமியார் வீட்டுக் குசினியில் நீங்கள் நிற்கும் ஒரு படம் அதைவிட மேல். பதிவு ஒரு திகதியிலும் தாலிகட்டு வேறு திகதியிலும் நடந்திருந்தால் இரண்டையும் சொல்லிவிடுங்கள். கணவர் அங்கே ஒரு திகதியையும் நீங்கள் இங்கே மற்றதையும் எழுதி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அதைவிட முக்கியம்: கணவர் தஞ்சம் கோரியபோது, அகதிகள் அலுவலகமான ஒஃப்ராவில் தன் குடும்பத்தைப் பற்றி என்ன சொன்னார், பிறந்த திகதி என்ன கொடுத்தார் என்று கேளுங்கள். பல வருடத்துக்கு முன் பதற்றத்தில் சொன்ன ஒரு திகதி இப்போது வந்து குறுக்கே நிற்கும். வெட்கப்படாமல் கேளுங்கள். புருஷனிடம் இதைக் கேட்பது எங்கள் ஊரில் கொஞ்சம் கடினம் என்று தெரியும்.

வந்து இறங்கியபின் மூன்று மாதத்துக்குள் வீசாவை இணையத்தில் செல்லுபடியாக்க வேண்டும். வந்தவுடன் உறவினர் வீட்டு விருந்துகளில் இதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. பிரெஞ்சு மொழியை அங்கிருந்தே தொடங்குங்கள். 2026 ஜனவரி முதல் பல வருட அட்டைக்கு ஏ2, பத்து வருட அட்டைக்குப் பி1 என்று மொழித்தரம் கேட்கிறார்கள். இங்கே வந்து பிள்ளையும் சமையலுமாக இருந்துகொண்டு படிப்பது எவ்வளவு சிரமம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஊரோடு இரு (வாழைச்சேனை)

எல்லோரும் போய்விடுங்கள். வாவியையும் மீனையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தூலூஸ் அக்கா

தம்பி, மீனில் கொஞ்சம் கருவாடாக்கி இங்கே அனுப்பிவிடுங்கள். அந்தப் பிள்ளை கணவரோடு வாழப் போகிறது, விட்டுவிடுங்கள்.

நான்ந் நகர்

மறுப்பு வந்தால் என்ன என்று கேட்காமலே எல்லோரும் முடித்துவிடுவீர்கள் போலிருக்கிறது. நீண்டகால வீசா மறுக்கப்பட்டால், இங்கே நான்ந் நகரில் உள்ள மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்கு 30 நாளுக்குள் எழுத வேண்டும். முன்பு இரண்டு மாதம் இருந்தது, 2023இலிருந்து 30 நாள். பழைய கணக்கை நம்பிக் காலத்தைத் தவறவிடுகிறார்கள். ஆணைக்குழுவைத் தாண்டாமல் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக முடியாது. மறுப்புக் கடிதம் கிடைத்த நாளின் ஆதாரத்தை, உறையோ மின்னஞ்சலோ, பத்திரமாக வையுங்கள். சட்டத்தரணி செலவு வரும். வருமானம் குறைந்தவர்களுக்கு நீதிமன்றக் கட்டத்தில் அரசாங்க உதவி உண்டு. பல மறுப்புகளில் காரணமாக எழுதுவது பத்திரங்களின் நம்பகத்தன்மையைத்தான். அதனால்தான் பதிவேடு ஐயா எழுதியதை இன்னொரு முறை வாசியுங்கள் என்கிறேன்.

களுவாஞ்சி மருமகள்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு கணவரோடு நீண்ட நேரம் பேசினேன். சம்பளத் துண்டு போதும் என்கிறார். வீடுதான் சிக்கல்: இப்போது இருப்பது நண்பரின் பெயரில், 18 சதுர மீற்றர். சொந்தப் பெயரில் வேறு வீடு எடுத்த பிறகே ஒஃபியில் கொடுக்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். ஒஃப்ரா பிறந்த திகதியையும் கேட்டேன். முதலில் கோபப்பட்டார், பிறகு தேடி எடுத்துப் படம் அனுப்பினார். கடவுச்சீட்டு இல்லாத காலத்தில் கொடுத்தது என்றாலும் சரியாகவே இருக்கிறது.

மாமாவிடம் வீட்டை ஈடு வைக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்கு மனவருத்தம்தான். இந்த வாரம் அப்பாவின் பிறப்புப் பதிவைத் தேடக் கொடுக்கிறேன். ஐயா, அவர் பிறந்தது 1958இல், பழுகாமத்தில். பிறந்த மாதம் மட்டும் தெரியும், திகதி தெரியாது. படிவத்தில் எப்படி எழுதுவது?

பதிவேடு (மட்டக்களப்பு)

திகதி தெரியாவிட்டால் மாதத்தையும் ஆண்டையும் எழுதி, எந்தக் காலத்துக்குள் தேட வேண்டும் என்று குறிப்பிடுங்கள். தேடும் கால அளவுக்கேற்பக் கட்டணம் மாறும். தாத்தா, அப்பாச்சி இருவரின் பெயர்களும் வேண்டும். அந்தக் காலத்தில் பிள்ளையின் பெயர் இல்லாமல் 'ஆண்' என்று மட்டும் பதிந்திருக்கவும் கூடும். அப்படி வந்தால் பயப்படாமல் இங்கே எழுதுங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், கூட்டமாக இருக்கும்.